காட்டுக்கு எடுத்துப்போக ஒரு சின்னக் கேமரா

மலையேற்றத்துக்குக் கேமரா தேடும் பலரும் முதலில் கேட்பது மெகாபிக்சல் எவ்வளவு என்றுதான். 12 இருந்தால் தாராளம். பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லின், அளவை. மலிவுக் கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குலச் சென்சாரைவிட '1 அங்குல'ச் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. விலங்குகள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

இந்த '1 அங்குல'ச் சென்சார் உள்ள, 2012-ல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100 நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஜூம் 100 மி.மீ.யோடு நின்றுவிடும், தூரத்துப் பறவைக்கு எட்டாது. மழையும் ஓடையும் உள்ள வழி என்றால் ஒலிம்பஸ் டிஜி-6 நல்லது: 15 மீட்டர் ஆழம்வரை தாங்கும், லென்ஸ் வெளியே நீளாததால் தூசியும் புகாது.

நீர் புகாத கேமராவில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் பேட்டரி மூடி வழியாகத்தான். உள்ளே ஓடும் ரப்பர் விளிம்பில் ஒரு தலைமுடி சிக்கினாலே போதும். மூடும்முன் ஒவ்வொரு தடவையும் நூல் உதிராத துணியால் துடையுங்கள். கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பழையதை வாங்கும்போது ஜூமை முழுக்க நீட்டி மடக்கிப் பாருங்கள். கரகர சத்தம் வந்தால் உள்ளே மணல். வெள்ளைச் சுவரை எஃப் 8-ல் (லென்ஸ் துளையைச் சிறிதாக்கும் அளவு) எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி.

காட்டுக்குள் நுழையும்முன் பீப் சத்தத்தையும் இருட்டில் ஃபோகஸ் பிடிக்க எரியும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மான் மிரண்டு ஓடும்.