சிவப்பாக இருந்தால் காட்டுக்கோழியா?

மலையடிவாரத்தில் ஒரு சிவப்புச் சேவல் புதரைவிட்டுப் பறந்தால் போதும், 'காட்டுக்கோழி' என்று படம் போட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. செந்நிறக் காட்டுக்கோழிக்கு இமயமலை அடிவாரமும் வடகிழக்கும் கோதாவரிக்கு வடக்கே உள்ள சால் மரக் காடுகளும்தான் வீடு. இங்கே சிவப்பாகத் திரிவது யார் வீட்டுப் பஞ்சாரத்திலிருந்தோ தப்பியதாகத்தான் இருக்கும்.

சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்தைப் பாருங்கள். இறகின் நடுத்தண்டு அங்கங்கே தட்டையாகி, மெழுகு சொட்டி உறைந்ததுபோல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாக மினுங்கும். (தூண்டிலுக்குப் போலிப்பூச்சி கட்டுவதற்கென்றே ஒருகாலத்தில் இந்த இறகு கப்பலேறியது.) ஆனால் இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்க்கும்போது இந்தப் பொட்டுகள் போய், கழுத்து மங்கிய கறுப்பாகிவிடும், பலர் ஏமாறுவது அப்போதுதான். பெட்டைக்கு அடையாளம் நெஞ்சு: வெள்ளை இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கரை, மீன்செதில் அடுக்கியதுபோல. கூவலும் வேறு. வீட்டுச் சேவல் கடைசி அசையை இழுக்கும். இது வெட்டி வெட்டி முடித்துவிடும்.

விடிந்தவுடனும் அந்திக்குச் சற்று முன்பும் காட்டுப் பாதை ஓரத்தில் மேயவரும். மூங்கிலோ குறிஞ்சியோ விதை கொட்டும் ஆண்டில் அந்தப் பக்கம் கூட்டமாகவே பார்க்கலாம்.

முட்டையை எடுத்துவந்து நாட்டுக்கோழியை அடைக்கு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதன் ரத்தம்தான் வேண்டுமென்றால், அது ஏற்கெனவே நம் கோழிக்குள் இருக்கிறது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதையான செந்நிறக் காட்டுக்கோழியின் கால் ஈயச் சாம்பல். வீட்டுக்கோழியின் மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று 2008-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.

காட்டோரம் கோழி வளர்ப்பவர் உண்மையில் கவலைப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற தொற்றுநோய். மேய்ச்சலில் உங்கள் கோழியும் காட்டுக்கோழியும் ஒரே மண்ணைக் கிளறுகின்றன. அதற்கான தடுப்பு மருந்துகள் இவை, இரண்டிலும் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள நோய்க் கிருமி: 7-ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, 28-ஆம் நாள் மறுபடி. 8-ஆம் வாரம் ஆர்2பி ஊசி, தோலடியில் 0.5 மி.லி. முந்தைய சொட்டு போடாமல், எட்டு வாரமும் ஆகாமல் ஆர்2பி ஊசி குத்தினால் மருந்துக் கிருமியே குஞ்சை வாதத்தில் தள்ளிவிடும். 'ஊசி போட்டதால் செத்தது' என்ற புலம்பலில் பாதி இதுதான். மீதிப் பாதி மருந்து கெட்டுப்போவது: ஐஸ் இல்லாமல் பையில் கொண்டுவருவது, கலக்கி இரண்டு மணிநேரம் தாண்டியும் சொட்டுவிடுவது. குடிதண்ணீரில் கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், அது மருந்துக் கிருமியைக் கொன்றுவிடும். நோய் கண்ட கூட்டத்துக்கு ஊசி போட்டுப் பயனில்லை.

செத்த கோழியைப் புதரில் வீசாதீர்கள். நரியோ கீரியோ இழுத்துப்போய்க் காட்டுக்குள் போட்டுவிடும். சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். மிச்ச மருந்துக் குப்பியை ஓடையில் கழுவாமல் கொதிக்கவைத்துப் புதையுங்கள்.