பத்தாய அறையில் ஒரு கிறிஸ்துமஸ் செடி

டிசம்பர் 24, 2023
எதிர்வீட்டு டீச்சர் அக்காவின் மகன் பெங்களூரிலிருந்து வரும்போது பாயின்செட்டியா என்ற கிறிஸ்துமஸ் செடி இரண்டு தொட்டி கொண்டு வந்திருக்கிறான். ஒன்று அவர்கள் திண்ணைக்கு, ஒன்று எங்களுக்கு. தங்கத்தாள் சுற்றி, உச்சியெல்லாம் ரத்தச் சிவப்பு. கும்பகோணம் வெயிலுக்கு இது நிற்குமா என்று அப்போதே கவலை.

ஜனவரி 9
இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. தங்கத்தாளைப் பிரித்துப் பார்த்தால் தொட்டி தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது! துளசி மாடத்துக்கு ஊற்றும்போதெல்லாம் அம்மா இதற்கும் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறாள். "செடிக்குத் தண்ணி ஊத்தாம எப்படிடி விடுறது?" என்கிறாள். காவிரிக்கரையில் பிறந்தவளிடம் தண்ணீர் அதிகமானாலும் வேர் அழுகும் என்று புரியவைப்பது சுலபமில்லை. தாளை எடுத்துப் போட்டேன். இனி மேல்மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

மார்ச் 20
சிவப்பெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி. மனசைக் கல்லாக்கிக்கொண்டு நாலு விரற்கடை விட்டு வெட்டினேன். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடிந்தது, கள்ளி, ஆமணக்கு, மரவள்ளி எல்லாம் இதன் குடும்பம்தான். பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எங்கள் வண்டல் மண் நெல்லுக்குத் தங்கம், ஆனால் தொட்டியில் களியாக இறுகிவிடும். ஆற்று மணலும் மக்கிய சாணமும் சரிபாதி கலந்து தொட்டி மாற்றினேன்.

ஜூலை 28
மேட்டூர் அணையை இன்றுதான் திறந்தார்கள், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 போய் எத்தனை நாள்! செடி அதற்கு முன்பே தழைத்துவிட்டது. பக்கக் கிளை வரட்டும் என்று கொழுந்துகளைக் கிள்ளிவிட்டேன்.

அக்டோபர் 1
முக்கியமான வேலை இன்று தொடங்குகிறது. நாம் பூ என்று சொல்லும் சிவப்பு இதழ்கள் உண்மையில் இலைகள், நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் மொட்டுகள்தான் பூ. இரவு நீண்டால்தான் அந்த இலை சிவக்கும், அதுவும் நடுவில் வெளிச்சமே படாத இருட்டு, எட்டுப் பத்து வாரம் தொடர்ந்து வேண்டும். எங்கள் தெருவிலோ விடியும்வரை எல்.இ.டி. விளக்கு திண்ணையில் பகலாக அடிக்கிறது. யோசித்து யோசித்து, கொல்லைப் பக்கம் நெல் கொட்டிவைக்கும், ஜன்னல் இல்லாத பத்தாய அறையைப் பிடித்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு உள்ளே, காலை ஏழரைக்கு வெளியே முற்றத்து வெயிலுக்கு. பதினாலு மணி நேரம்.

அக்டோபர் 31
தீபாவளி. முறுக்கு டின் எடுக்கப் போனவர்கள் பத்தாய அறை விளக்கை அணைக்காமல் வந்துவிட்டார்கள், இரவு பதினொன்றுக்குத்தான் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. ஒரு மாத உழைப்பு. கதவில் "விளக்குப் போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 27
விடாத மழை. நாகை, மயிலாடுதுறைப் பக்கம் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கிறது, மாமா வீட்டு நிலமும் முழுகிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் ஒரு தொட்டிச் செடியைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உச்சி இலை ஒன்றின் நரம்பு சிவந்திருந்தது.

டிசம்பர் 12
அமெரிக்காவில் இன்று இந்தச் செடிக்கான நாள். மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்து, இதைத் தன் ஊருக்கு அனுப்பிய ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் 1851-இல் இதே தேதியில் இறந்தார், பெயரும் அவருடையதுதான். அதற்குப் பல காலம் முன்பே மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் வளர்த்துப் பெயர் வைத்த செடி இது, அந்தப் பெயரே நிலைத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம். நம்முடையதில் ஆறு இலை முழுச் சிவப்பு.

டிசம்பர் 24, 2024
எதிர்வீட்டில் குடில் வைத்திருக்கிறார்கள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தேன். அக்காவுடையது தெருவிளக்கடியில் புதராக வளர்ந்து ஒரு சிவப்பு கூட இல்லாமல் பச்சையாகவே நிற்கிறது. வரும் அக்டோபரில் அதையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். பத்தாயத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் இரண்டு தொட்டிக்கும் இடம் வரும், அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது.