ஆலப்புழை 576-க்கு வந்து சேர்ந்த கதை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்ட இந்த டிரான்சிஸ்டர் பெட்டியில், ஆலப்புழை வானொலி ஒருவழியாகத் தன் இடமான 576 கிலோஹெர்ட்ஸில் உட்கார்ந்துவிட்டது. போன வாரம் வரை முள்ளை 650 பக்கம் தள்ளினால்தான் வாயைத் திறக்கும்.

ஐ.எஃப். கேன்கள் (எந்த நிலையத்தையும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியபின் வடிகட்டும் தகரக்கூட்டுக் காயில்கள்) மூன்றும் 455-இல் ஒழுங்காகவே இருந்தன. வம்பு செய்தது சிவப்புத் தலை ஆஸிலேட்டர் காயில். அந்த மாற்றத்துக்காக நிலையத்தைவிட 455 கூடுதலான அலையைப் பெட்டிக்குள்ளேயே எழுப்புவது ஆஸிலேட்டர். இரும்புத் திருப்புளியைக் காயிலின் நடுவிலுள்ள கோரில் (திருகும் காந்தக் கருவில்) வைத்துத் திருகும்போது நிலையம் கணீரென்று கேட்கும், எடுத்ததும் நகர்ந்துவிடும். இரும்பு அருகில் இருந்தாலே காயிலின் இண்டக்டன்ஸ் ஏறும், அலைவெண் மாறும் என்று தெரிந்திருந்தும் சோம்பலில் அதோடு மல்லுக்கட்டினேன். கோரின் வாய் பொடிந்ததுதான் மிச்சம்.

செங்கோட்டையில் ரயிலேறிப் புனலூர் போனேன். பழைய ரேடியோக் கடைச் சேட்டன் ஒரு செத்த பெட்டியிலிருந்து காயிலைக் கழற்றி இருபது ரூபாய்க்குத் தந்தார். கூடவே ஒரு கேங் கண்டன்சரும் (நிலையம் மாற்றத் திருப்பும் தகட்டடுக்கு) கண்ணில் பட்டது. சிற்றலைப் பெட்டிக்கு ஆகும் என்று அதையும் வாங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இந்த முறை கருவி மூங்கில். ஊதுபத்திக் குச்சி முறுக்கினால் ஒடிகிறது. பழைய கூடையிலிருந்து ஒரு சிம்பை உருவி, பிளேடால் சீவி, நுனியை உப்புத்தாளில் உளிவாய்போலத் தேய்த்தேன். அதில் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் நார் பிரியாது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் திருப்புளிகளைவிட இது மேல் என்று அடித்துச் சொல்வேன்.

முள்ளை 576-இல் நிறுத்தி, பக்கத்தில் டிஜிட்டல் ரேடியோவை 1031-இல் வைத்தேன். 455-ஐக் கூட்டினால் ஆஸிலேட்டர் அங்கேதான் இருக்க வேண்டும். கோரை மயிரிழை மயிரிழையாகத் திருக, ஆஸிலேட்டரின் அலை எட்டியதும் அந்த ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. (ஒன்பது ஒன்பதாகத் தாவும் ரேடியோ உதவாது, 1026-இலிருந்து 1035-க்குக் குதித்துவிடும்.) மேல்முனைக்குத் திருநெல்வேலி 1197, அதாவது ஆஸிலேட்டருக்கு 1652, அங்கே திருக வேண்டியது டிரிம்மர் என்ற குட்டிக் கண்டன்சரை. மேலே சரிசெய்தால் கீழே நழுவுகிறது. ஐந்து முறை அலைந்த பிறகே இரண்டும் நின்றன.

உள் ஏரியலான ஃபெரைட் தண்டில், மெழுகு வைத்து ஒட்டிய காயிலை நகர்த்தும் வேலை பாக்கி. மெழுகை இளக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டினால் தூரத்து நிலையங்களெல்லாம் ஏறியும் இறங்கியும் கேட்கும். எது உச்சம் என்று காது ஏமாறும். போதாததற்கு எதிர்வீட்டு எல்.இ.டி. விளக்கின் கரகரப்பு வேறு. ஞாயிறு பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டு, புதுக் கேங் கண்டன்சரின் தகடுகளைத் தூரிகையால் துடைக்க உட்கார்ந்துவிட்டேன்.