பிணை கிடைச்சும் மூண்டு இரவு உள்ளுக்க

தம்பியின்ர வழக்கு போன மாசம் முடிஞ்சுது. விடுதலை. எனக்கு நெஞ்சு இன்னும் ஆறேல்லை.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில ரூம் துப்புரவாக்கிற வேலை அவனுக்கு. வெள்ளைக்காரர் ஒராளின்ர காசு காணாமல் போச்சு. சாவி இவனிட்ட இருந்ததால பொலிஸ் பிடிச்சிட்டினம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதிக் கையெழுத்துக் கேட்க, பயத்தில வைச்சிட்டான். தமிழில வாசிச்சு விளங்கப்படுத்தும் மட்டும் கையெழுத்து வையாதேங்கோ, ஆர் அவசரப்படுத்தினாலும்.

வெள்ளிக்கிழமை கோர்ட். 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி பிணை குடுக்கிறதுதான் விதி, மறுக்கிறது விலக்கு எண்டு லோயர் கதைச்சார். கிடைச்சுது: 25,000 காசுப் பிணை, இரண்டு சரீரப் பிணை, எண்டால் அவனுக்காகப் பொறுப்பு நிக்க இரண்டு ஆக்கள்.

பிணை நிக்க மூதூரில இருந்து சித்தப்பா முதல் பஸ்ஸில வந்தவர். விதானையின்ர (கிராம அலுவலரின்ர) வதிவிடச் சான்றிதழை ஈரம் படாமல் பைலுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தார். கிளார்க் அதைத் திருப்பிப் பார்த்திட்டு மேசையில தள்ளிவிட்டார். பிரதேச செயலாளரின்ர மேலொப்பம் இல்லையாம். ஒரு சீலும் ஒரு கையெழுத்தும்! சித்தப்பா திரும்பிப் போய்ச் சேர ஒபிஸ் பூட்டிட்டுது. பிறகு சனி, ஞாயிறு. பிணை கிடைச்ச பிள்ளை மூண்டு இரவு மறியலில. அம்மா சோத்தில கை வைக்கேல்லை.

பிடிச்சவையை 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானிட்ட கொண்டுபோக வேணும். உங்களுக்கும் அந்த நேரம்தான். அதுக்குள்ள இரண்டு பிணையாளைப் பிடிச்சு, அடையாள அட்டை, மேலொப்பம் வைச்ச சான்றிதழ் எல்லாம் எடுத்து வையுங்கோ. மூண்டாவதா ஒராளையும் சொல்லி வையுங்கோ.

பிறகு கோர்ட்டுக்கு 11 தவணை போனம். ஒவ்வொண்டுக்கும் லோயருக்கு 5,000. என்ர இரண்டு காப்பும் அடகுக்குப் போச்சு, ஒண்டுதான் மீட்டிருக்கிறன். வருமானம் குறைஞ்சவைக்கு சட்ட உதவி ஆணைக்குழு இலவசமா லோயர் தரும், திருகோணமலையிலயும் அவையின்ர ஒபிஸ் இருக்கு. எங்களுக்கு ஆறாம் தவணையிலதான் ஆரோ சொல்லிச்சினம். வேலை முதல் நாளே போட்டுது. அவனுக்குப் பேசி வந்த சம்பந்தக்காரர் பிறகு எங்கட ஒழுங்கைக்குள்ள வரவேயில்லை. அந்தக் கணக்கை எந்தக் கோர்ட்டில குடுக்கிறது?

காசுப் பிணை ரசீதை சொப்பிங் பையில சுத்தி அரிசி வாளிக்குள்ள வைச்சிருந்தன். அதைக் காட்டி 25,000ஐயும் திருப்பி எடுத்திட்டன். விடுதலைக் கட்டளையின்ர அத்தாட்சிப் பிரதி இரண்டு கேட்டு அண்டைக்கே எழுதிக் குடுத்தன். தம்பி கட்டாருக்குப் போக பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கப் போனபோது முதல் கேட்டது அதைத்தான்.