படகின் கூடத்துக்கு மேசையும் பெஞ்சும்

பிப்ரவரி 9

வீட்டில் எல்லோரும் கேட்பது ‘ப’ வடிவ சோபா. பார்க்க அழகுதான். மேசையைச் சுற்றி ஆறேழு பேர் நெருக்கி உட்காரலாம், படகு துறையில் கட்டிக் கிடக்கும்போது அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஆனால் இது பாய்மரப் படகு. காற்று பக்கவாட்டில் பிடித்தால் 20 டிகிரி சாய்ந்தபடியே மணிக்கணக்கில் ஓடும். அப்போது ‘ப’வின் வளைவில் யாரும் படுக்க முடியாது. குறுக்குப் பகுதியில் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவர் மேல் சரிந்துகொண்டே இருப்பார். இருபுறமும் நேர் பெஞ்ச் என்றால் பகலில் இருக்கை, இரவில் படுக்கை. சாய்வு எந்தப் பக்கமானாலும் ஒரு பெஞ்ச் நிச்சயம் உதவும்.

நேர் பெஞ்ச் என்று முடிவாகிவிட்டது. கூடத்துக்கு எதை வாங்கினாலும், செய்தாலும், படகு சாய்ந்து ஓடும் நாளை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

பிப்ரவரி 12

அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, பெஞ்சையும் மேசையையும் முழு அளவில் கூடத்துக்குள் நிறுத்தினோம். காகிதத்தில் சரியாக இருந்த மேசை அட்டையில் 8 செ.மீ. கூடுதல் அகலமாகத் தெரிந்தது. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொருவர் முன்னறைக்குக் கடந்து போக முடியவில்லை. அங்கேயே கத்தியால் சீவிக் குறைத்தோம்.

மெத்தையோடு சேர்த்து இருக்கை உயரம் 43 செ.மீ., ஆழம் 50. சாய்மானத்தைப் பின்னுக்கு 12 டிகிரி சாய்த்தோம். செங்குத்தாக விட்டால் பத்து நிமிடத்தில் முதுகு கெஞ்சும். படுக்கும் நீளம் 2 மீட்டர். அகலம் 60 செ.மீ. போதும், கடலில் அகலப் படுக்கையில் ஆள் உருளுவார்.

உள்ளே இறங்கும் வாசலையும் அளந்தேன். அதற்குள் நுழையாத எதையும் வெளியே செய்து கொண்டுவர முடியாது. பெஞ்சுகளைத் துண்டுகளாக இறக்கி உள்ளேதான் பூட்ட வேண்டும்.

பிப்ரவரி 17

மரம் முடிவானது. பலகைகளுக்கு பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து மரைன் பிளைவுட், ஒகூமே என்ற எடை குறைந்த ஆப்பிரிக்க மரத்தில் செய்தது; விளிம்புகளுக்கும் கைப்பிடிகளுக்கும் மட்டும் தேக்கு. முழுவதும் தேக்கில் செய்ய ஆசைதான். ஆனால் தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் வரும், ஒகூமே 430 பக்கம். படகில் மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் நிலைப்புத்தன்மையைத் தின்னும்.

பிப்ரவரி 21

பெஞ்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து வைத்தேன். இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டியும் கடல்நீர்க் குழாயின் வால்வும். வலப்பக்கம் பேட்டரி. நடுவே தரைப்பலகைக்குக் கீழே படகு கவிழாமல் காக்கும் அடிப்பாரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டால் வால்வை உடனே மூட வேண்டும். அந்த இடத்தில் மெத்தையைத் தூக்கி, ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருக்க நேரமிருக்காது. அதனால் வால்வுக்கு நேரே பெஞ்சின் முன்முகத்தில் தனிக் கதவு, விரலால் இழுத்தால் திறக்கிற மாதிரி. பார்வைக்குச் சமச்சீர் கெடும் என்றார் தச்சர். கெடட்டும்.

மார்ச் 2

இன்று பொழுது முழுக்க வளைவோடு போனது. படகுக்குள் நேர்கோடே கிடையாது. பக்கச்சுவர் மேலிருந்து கீழும் வளைகிறது, முன்னிருந்து பின்னும் வளைகிறது. மூலமட்டம் வைக்க ஒரு மூலை கிடைக்காது. கரையில் தாங்கிகள் மேல் நிற்கிற படகு கொஞ்சம் முன்சாய்வாக இருப்பதால் ரசமட்டத்தையும் நம்ப முடியாது. நீர்க்கோட்டிலிருந்தும் நடுக்கோட்டிலிருந்தும் அளந்து, தரையில் நூல் கட்டி, எல்லாவற்றையும் அந்த நூலிலிருந்தே கணக்கிட்டோம்.

பெஞ்சின் தாங்குபலகைக்கு வடிவம் எடுக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தச்சர் மெல்லிய பிளைவுட் துண்டு ஒன்றைச் சுவருக்கு ஒரு விரல் இடைவெளியில் அசையாமல் பிடித்து நிறுத்தினார். கவராயத்தின் ஒரு முனை சுவரில், பென்சில் முனை பலகையில். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, கவராயம் கொஞ்சமும் திரும்பாமல். சுவரின் வளைவு அப்படியே பலகையில் விழுந்துவிட்டது. கோட்டுக்கு வெளியே அறுத்து, இழைப்புளியால் கோடு வரை சீவி வைத்துப் பார்த்தால் ஒரே சீரான இடைவெளி.

இடைவெளி வேண்டுமென்றே விடுவது. பிளைவுட் விளிம்பு ஃபைபர் சுவரில் நேராக முட்டினால், அலையில் சுவர் நெளியும்போது அந்த ஒரு கோட்டில் மட்டும் அழுத்தம் சேரும். வெளியிலிருந்து பார்த்தாலே தழும்பு மாதிரி தெரியும். நடுவே ஃபோம் பட்டை வைத்து, அதன் மேல் கண்ணாடி இழைத்துணியும் எபாக்ஸியும் போட்டு ஒட்டுகிறோம். அறுத்த விளிம்புகள் எல்லாவற்றுக்கும் எபாக்ஸி பூசியாயிற்று. பிளைவுட் தண்ணீர் குடிப்பதே விளிம்பு வழியாகத்தான்.

மார்ச் 4

எபாக்ஸி காயட்டும். வேலை இல்லை.

மார்ச் 15

மேசை. இதற்குத்தான் நிறைய யோசித்தேன். துறையில் அது சாப்பாட்டு மேசை. கடலில் அதன் மேல் ஆள் விழுவார், முழு எடையோடு, எதிர்பாராத நேரத்தில். எனவே காலைத் தரைப்பலகையில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால் போதாது. தரைக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம் வரை போல்ட் இறக்கி, அடியில் பெரிய வாஷர் கொடுத்து நட் போட்டிருக்கிறோம். போல்ட் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு. பித்தளை வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். உப்புநீரில் அதன் துத்தநாகம் கரைந்து, பார்க்க முழுசாக இருக்கும் ஸ்க்ரூ திருப்பும்போது உடையும்.

நடுவில் குறுகிய நிலையான பகுதி, இருபுறமும் மடக்குப் பலகைகள். மடக்கினால் வழி கிடைக்கும். சுற்றிலும் 35 மி.மீ. உயரத்துக்கு வரம்பு, தட்டு வழுக்காமல் இருக்க. நான்கு மூலைகளில் மட்டும் வரம்பு வைக்காமல் திறந்து விட்டோம், அந்த வழியாகத்தான் துணியால் துடைத்துத் தள்ள முடியும். வரம்பின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் நன்றாக உருட்டியது. விழும் விலா எலும்பு தொடப்போவது வெளிப்பக்கத்தைத்தானே.

மார்ச் 23

மெத்தை வந்தது. 10 செ.மீ. தடிமன், அடியில் கெட்டி ஃபோம், மேலே மிருதுவானது. துணி சாயம் நூலிலேயே கலந்த அக்ரிலிக், வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. பலகை மேல் மெத்தையை நேராகப் போட்டால், உடம்புச் சூட்டின் ஈரம் குளிர்ந்த பலகையில் நீராகி மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். அதனால் பெஞ்ச் மூடிகளில் வரிசையாகத் துளை போட்டு, மேலே மெல்லிய ரீப்பர்கள் அடித்துக் காற்றுக்கு வழி விட்டோம்.

ஏப்ரல் 1

இழுப்பறைகளுக்குக் காந்தம் வைத்த தாழ்கள் கொண்டுவந்திருந்தார் தச்சர். திருப்பி அனுப்பினேன். திசைகாட்டி கூடத்தின் பின்சுவருக்கு மறுபக்கம்தான் பதித்திருக்கிறது. பக்கத்தில் காந்தம் இருந்தால் முள் விலகும். தவிர, படகு ஒரு குலுங்கு குலுங்கினால் காந்தம் பிடித்து நிற்காது. பழைய முறையே போதும். இழுப்பறையின் அடியில் சின்ன வெட்டு, மூடினால் சட்டத்தின் மேல் விழுந்து உட்காரும். தூக்கி இழுத்தால்தான் வரும்.

ஏப்ரல் 18

கடலுக்கு எடுத்துப் போனோம். நல்ல காற்று, சாய்வு 20ஐத் தாண்டியது. தாழ்ந்த பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் சாய்மானமே தாங்கிக்கொள்கிறது. உயர்ந்த பக்கத்தில் கித்தான் தடுப்பைக் கட்டிக்கொண்டு என் மனைவி இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினார். ‘ப’ வடிவத்துக்காக முதலில் வாதாடியவர் அவர்தான். மேசை இம்மிகூட அசையவில்லை, நான் இடுப்பால் மோதியும் பார்த்தேன்.

உயர்ந்த பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குக் கால் ஊன்ற ஒரு பிடிப்பு வேண்டும். மேசைக்காலின் இருபுறமும் தரையில் 40 மி.மீ. தேக்கு ரீப்பர் ஒன்று போட்டால் சரியாகிவிடும். விளிம்பு அறுத்தபோது மிஞ்சிய துண்டுகளே போதும், நாளைக்கு அளவெடுக்க வேண்டும்.