திருகோணமலை ஒழுங்கைகளில் நுளம்பு முட்டை எண்ணுவது எப்படி

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவிய வேகத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடங்களையே மூட வேண்டி வந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். இப்போதும் மாரி வந்தால் சிரமதானம் நடக்கிறது, புகை அடிக்கிறார்கள், துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள். ஆனால் உங்கள் ஒழுங்கையில் போன கிழமையைவிட இந்தக் கிழமை நுளம்பு கூடியதா குறைந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் (பி.எச்.ஐ.) பொறுப்பில் ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. கிழமைக்குக் கிழமை எல்லா ஒழுங்கைக்கும் அவரால் வர முடியாது.

அந்தப் பதிலைத் தரக்கூடியவர்கள் அங்கேயே குடியிருக்கும் 9ஆம், 10ஆம் ஆண்டுப் பிள்ளைகள். சாதாரண தரம், உயர்தரம் எழுதப்போகும் பிள்ளைகளை நம்பித் தொடங்க வேண்டாம், பாதியில் பரீட்சை வந்துவிடும்.

பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பிக் குடம்பி தேட வைக்கும் முறையை நாங்கள் விரும்புவதில்லை. அயலவரின் வளவுக்குள் நுழைய வேண்டும், தாங்கிமேல் ஏற வேண்டும், கூரைப்பீலியை எட்டிப் பார்க்க வேண்டும். அது பி.எச்.ஐ.யின் வேலை. பிள்ளைகளுக்குப் பொருத்தமானது முட்டைப்பொறி, அதாவது நுளம்பு வந்து முட்டையிடத் தண்ணீரும் ஒரு பலகைத் துண்டும் வைத்த டப்பா. தன் வீட்டு வளவிலேயே வைக்கலாம், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

பொறி செய்வது மிகச் சுலபம். 500 மில்லிலீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் வெளிப்பக்கத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடிக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு இருண்ட பாத்திரத்தைத்தான் தேடி வரும். பெயின்ற் மணம் போக ஒரு கிழமை வெயிலில் காயவிட்டுக் கழுவுங்கள், மணம் இருந்தால் நுளம்பு கிட்ட வராது. 350 மில்லிலீற்றர் மட்டத்தில் ஒரு சிறு துளை போட வேண்டும், மழைத் தண்ணீர் அதன் வழியே வெளியேறும். ஹாட்போட் பலகையை 2.5 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, கரடான பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி பேப்பர் கிளிப்பால் விளிம்பில் மாட்டுங்கள். பொறியின் இலக்கத்தைப் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஊறி அழிந்துவிடும்.

உள்ளே 250 மில்லிலீற்றர் தண்ணீர். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வைக்கோல் ஊறிய தண்ணீரை 10இல் ஒரு பங்கு கலந்தால் நுளம்பு கூடுதலாக வரும். தம்பலகாமத்து வைக்கோலில் ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டு, வலைத்துணியால் இறுக்கி மூடி, 7 நாள் ஊறவிட்டு வடித்தால் போதும். மூடாவிட்டால் அந்த வாளியே நுளம்புப் பண்ணையாகும். இந்தத் தண்ணீரை எல்லாப் பொறிக்கும் ஒரே வாளியிலிருந்துதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை புதிய தண்ணீரும் இன்னொரு பிள்ளை மூன்று கிழமைப் பழைய தண்ணீரும் ஊற்றினால், கடைசியில் தெரிவது வைக்கோலின் வித்தியாசம், ஒழுங்கையின் வித்தியாசமல்ல.

வைக்கும் இடம் நிலமட்டத்தில், நிழலில், காற்றடிக்காத மூலையில் இருக்க வேண்டும். பூச்சாடிக்குப் பின்னால், கிணற்றடி வாழைக்குக் கீழே, குசினிச் சுவரோரம் என்று ஒன்றைத் தெரிவுசெய்து, பிறகு இடத்தை மாற்றவே கூடாது. ஆடு, காகம், நாய் எல்லாம் தண்ணீர் குடிக்க வரும். கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் மான்கள் தட்டி விழுத்தும். டப்பாவைச் சுற்றி மூன்று கல் வைத்து, மேலே பெரிய கண் கம்பிவலை போட்டால் ஆடும் மானும் வாய் வைக்காது, நுளம்பு மட்டும் உள்ளே போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் கிழமைக்குள் வற்றிவிடக்கூடும். நடுவில் ஒரு நாள் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் முன்பிருந்த அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். அதற்கு மேல் நிரப்பினால் பலகையிலுள்ள முட்டைகள் நனைந்து பொரித்துவிடும்.

எடுக்கும் நாளில் விட்டுக்கொடுப்பு இல்லை. எங்கள் வெக்கையில் முட்டை பறக்கும் நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். ஞாயிறு வைத்தால் அடுத்த ஞாயிறு எடுத்தே ஆக வேண்டும். ஊருக்குப் போகும் பிள்ளை பொறியைக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் பொறி, அந்த வீட்டுக்கு நாங்களே கொண்டுவந்து கொடுத்த நுளம்பு.

எண்ணுவதற்குப் பலகையை நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். முட்டை எள்ளைவிடச் சிறிது, ஒரு மில்லிமீற்றரைத் தாண்டாது. நீள்வட்டம், மினுங்கும் கறுப்பு. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கரட்டுப் பள்ளங்களில் வரிசையாகவோ சிதறியோ ஒட்டியிருக்கும். முதல் தடவை எண்ணும் பிள்ளைகள் பூஞ்சணப் புள்ளியையும் மண்துகளையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். ஊசி நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்தால் தெரியும்: பூஞ்சணம் பொடியாகும், மண் உடையாது, கீறும். முட்டை வழுக்கி உருளும். ஒரு முனை மூடிபோலக் கழன்று சப்பையாகக் கிடந்தால் அது பொரித்த முட்டை, அதையும் எண்ண வேண்டும். போன் கமராவுக்கு மேல் மாட்டும் சிறிய வில்லையும் பக்கத்தில் ஒரு அடிமட்டமும் வைத்துப் படம் எடுத்தால் பிறகு சரிபார்க்கலாம். ஒரே பலகையை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும். 10இல் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் எண்ண வேண்டும்.

முட்டையைப் பார்த்து எந்த ஈடிஸ் இனம் என்று சொல்ல முடியாது. ஏஜிப்தியும் அல்போபிக்டஸும் இரண்டுமே டெங்கு பரப்புபவை, ஆகவே எங்கள் தேவைக்கு அது தடையில்லை. வளர்த்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். விடாதீர்கள். எண்ணி முடிந்த பலகையைக் கொதிநீரில் போடுங்கள், பொறித் தண்ணீரைச் சுடுமணலில் ஊற்றுங்கள், டப்பாவின் உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். உலர்ந்த முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும். தேய்க்காத டப்பாவில் அடுத்த கிழமை பொரிப்பது பழைய முட்டையாகத்தான் இருக்கும்.

இனிக் கணக்கு. 40 பொறி வைத்தீர்கள், 36 கையில் கிடைத்தது, 9இல் முட்டை இருந்தது என்றால் வீதம் 9ஐ 36ஆல் வகுத்து நூற்றுக்கு 25. 40ஆல் வகுக்கக் கூடாது. கவிழ்ந்த பொறியில் நுளம்பு வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? அதற்கு நேரே 0 எழுதாமல் கோடு போட வேண்டும். தரவு கெடுவது அதிகம் இந்த இடத்தில்தான். அடுத்தது, முட்டை இல்லாத கிழமைகளில் பிள்ளைகள் சலித்துப்போய் எழுதாமல் விடுவது. ஆடி, ஆவணியில் வரும் 0 இல்லாமல் கார்த்திகையில் ஏறும் 25க்கு அர்த்தமே இல்லை என்று அவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 20க்குக் குறைவான பொறிகளோடு தொடங்கவும் வேண்டாம். 5 பொறி மட்டும் வைத்தால், ஒன்று மாறினாலே வீதம் 20 ஏறி இறங்கும்.

விடை அதே கிழமையில் ஒழுங்கைக்குத் திரும்ப வேண்டும். ஈடிஸ் பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீற்றருக்குள்தான் திரியும். ஒரு பொறியில் முட்டை கூடினால் ஊற்று பக்கத்து நாலைந்து வளவுகளுக்குள் இருக்கிறது. பெரியவர்கள் அன்றைக்கே தேடட்டும்: ரயர், சிரட்டை, பிரிட்ஜின் பின்தட்டு, மூடாத பரல், அடைபட்ட பீலி. திருக்கடலூர், சாம்பல்தீவு போன்ற கரையோரங்களில் இன்னொன்றும் உண்டு. உப்புக் கலந்த தண்ணீரில் டெங்கு நுளம்பு வராது என்று பலர் நம்புகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்த, 2011இல் வெளிவந்த ஆய்வு ஈடிஸ் குடம்பிகளை உவர்நீரிலும் கண்டது, கடல் நீரின் உப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு வரைக்கும். கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய வள்ளத்தை அதனால் முதலில் பாருங்கள்.

பி.எச்.ஐ.க்கு ஒரு பக்க அறிக்கை போதும்: திகதி, வைத்தது, கிடைத்தது, முட்டை இருந்தது, வீதம், கூடிய இடங்கள். தொடங்கும் முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பேசி ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், இந்த எண்கள் வழக்குப் போடுவதற்கல்ல. நுளம்பு பெருக இடம் கொடுத்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டம் உண்டு. பிள்ளை எழுதிக் கொடுத்த தாளால் அயலவருக்குத் தண்டம் வந்தால், அந்த ஒழுங்கையில் பிறகு ஒரு பொறியும் வைக்க விடமாட்டார்கள், அந்தப் பிள்ளையும் பெயர் கெட்டு நிற்கும். பொதுவில் போடும் வரைபடத்தில் பெயர் வேண்டாம், இடத்தைக் காட்டும் அகலாங்கு, நெட்டாங்கு எண்களைத் தசமத்துக்குப் பின் 3 இலக்கத்தோடு நிறுத்துங்கள். அது ஏறத்தாழ 110 மீற்றர் சதுரம், ஒழுங்கை தெரியும், வீடு தெரியாது. 4 இலக்கம் போட்டால் வீட்டு வாசலையே காட்டிவிடும். யாருக்குக் காய்ச்சல் என்ற விபரத்தைப் பிள்ளைகள் சேகரிக்கவே கூடாது.

பெற்றோரின் கையெழுத்து, முழுக்கைச் சட்டை, சோடியாகப் போவது, காய்ச்சல் உள்ள பிள்ளை அந்தக் கிழமை ஓய்வு. இவை சொல்லாமலே விளங்கும்.

பள்ளிக்கூடத்திலும் நாலைந்து பொறி வைக்கலாம், ஈடிஸ் கடிக்கும் காலை நேரத்தில் பிள்ளைகள் இருப்பது அங்கேதான். ஆனால் முழுத் திட்டத்தையும் பள்ளிக்கூடத்தில் கட்டிவைத்தால், மழை கொட்டும் மார்கழியில் தவணை விடுமுறை வந்து எல்லாம் நின்றுவிடும். ஒழுங்கைக்கு ஒரு மூத்த பிள்ளையும், அவரிடம் உதிரியாக 5 பலகையும், வட்ஸ்அப்பில் ஞாயிறு மாலை 5 மணிக்கு ஒரு நினைவூட்டலும் இருந்தால் விடுமுறையிலும் ஓடும்.