சிவப்பு நூல்

ஜூலை 24, 2025
ஆடி அமாவாசை. கீரிமலை பஸ் விடியவே நிறைந்துவிட்டது. "நானும் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கட்டுமா, அம்மா?" என்று மகன் கேட்டான். தகப்பன் இல்லாதவர்கள்தான் போவார்கள் என்றேன். பத்து வயதிலிருந்து அவனுக்கு இதே கேள்வி, எனக்கு இதே பதில். இப்போது அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

ஜூலை 26
தூக்கம் இல்லை.

ஜூலை 29
நல்லூரில் கொடியேற்றம். மணியோசை வீடு வரை கேட்டது. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் எலும்புக்கூடுகள் நூற்றைத் தாண்டிவிட்டன.

மரண தண்டனை பெற்ற இலங்கை இராணுவச் சிப்பாய் ஒருவன் 1998-இல் நீதிமன்றத்தில் சொன்னான், அங்கே முந்நூறு நானூறு பேரைப் புதைத்ததாக. மறு ஆண்டு தோண்டி 15 பேரை எடுத்தார்கள். அத்தோடு சரி. இந்த ஆண்டு மயானத்தில் தகன மேடை கட்ட மண் வெட்டியவர்களின் மண்வெட்டியில் எலும்பு பட்டது. நீதிபதிகளை விட மண்வெட்டிக்குக் கண் கூர்மை.

ஆகஸ்ட் 1
என் கணவரின் நீலச் சாரம். ஓரம் கிழிந்திருந்தது. வீட்டில் நீல நூல் இல்லை, சிவப்பால் தைத்தேன். "ஊர் சிரிக்கும்" என்று கடிந்துகொண்டு, அதையே உடுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பால்மா வாங்கப் போனார். சோதனைச் சாவடி வரைக்கும் கண்டவர்கள் உண்டு.

பருத்தி உக்கிப்போகும். நைலான் நூல் உக்காது என்கிறார்கள். அப்படியானால் துணி போனாலும் என் தையல் மட்டும் மண்ணுக்குள் கிடக்குமா, எதையும் இணைக்காமல்?

ஆகஸ்ட் 2
நைலானா அது?

ஆகஸ்ட் 3
மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்று பழைய அதிகாரி ஒருவர் அன்று சொன்னது இன்றும் சுடுகிறது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் சாவைப் பற்றிய ஒரே காகிதத்தில் இருப்பது என் பெயர்தான். கொன்றவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பொட்டு வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5
கண்டெடுத்த பொருள்களைப் பார்வைக்கு வைத்தார்கள். பால்போத்தல், பொம்மை, ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப்பை. அந்தப் பை எனக்குரியதல்ல. ஆனாலும் அதைவிட்டு நகர முடியவில்லை. துணிகளில் சிவப்பைத் தேடினேன். இல்லை. கிடைக்கவேண்டும் என்று ஒரு கால் முன்னே போனது, கிடைக்கக் கூடாது என்று மறுகால் நின்றது.

வீடு வந்ததும் நான்கு தோசை தின்றேன். அப்படிப் பசித்தது. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7
பழைய தகரப்பெட்டிக்குள் அந்த நூல்கட்டை அகப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு இல்லை. செம்மஞ்சள்.